வேலிக்கு மேலால் கைமாறிய கன்று: இணையவழித் தாவர விற்பனையும் எமது வீட்டுப் பொருளாதாரமும்

ஒரு காலத்தில் எமது ஊர்களில் பூங்கன்றுகளுக்கு விலை இருந்ததில்லை. அயல்வீட்டுச் செவ்வரத்தையில் ஒரு தடி, மாமி வீட்டு மல்லிகையில் ஒரு பதியம், பள்ளிக்கூட ஆசிரியையின் முற்றத்து ரோசாவில் ஒரு கிளை என்று அவை வேலிக்கு மேலால் கைமாறின. கொடுத்தவர் கணக்கு வைத்ததில்லை. வாங்கியவர் கன்று பட்டுப்போய்விட்டது என்று சொன்னால் மறுநாள் இன்னொரு தடி கிடைத்தது. கொடுத்தவரை வாங்கியவருக்கும், வாங்கியவரைக் கொடுத்தவருக்கும் நன்கு தெரிந்திருந்ததே இதற்குக் காரணமாகும்.

இன்று அந்த வேலியின் இடத்தைக் கைத்தொலைபேசியின் திரை பிடித்துக்கொண்டுள்ளது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொவிட் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது வீட்டுத் தோட்டத்தின் பக்கம் பலரது கவனம் திரும்பியது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் அந்தக் கவனத்தை அவசியமாக மாற்றின. கத்தரி, மிளகாய் நாற்றுக்களில் தொடங்கியது அலங்காரச் செடிகள், ஒட்டு மாங்கன்றுகள் என விரிந்தது. முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் செடி விற்போர் இன்று எல்லா மாவட்டங்களிலும் உள்ளனர். ஆயினும் தொடங்குவோரில் பலர் சில மாதங்களுக்குள் சோர்ந்து கைவிட்டு விடுவதையும் காண்கின்றோம். செடி வளர்க்கத் தெரியாமை இதற்குக் காரணமன்று. முகம் தெரியாத ஒருவருக்கு உயிருள்ள ஒரு பொருளை விற்பது எத்தகைய பொறுப்பு என்பதை முன்கூட்டியே எண்ணிப்பார்க்காமையே காரணமாகும்.

ஏன் இந்தத் தொழில்?

வடக்கிலும் கிழக்கிலும் கணவனைப் போரில் இழந்து குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் உள்ளனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்வைத் தொடங்கிய முஸ்லிம் குடும்பங்களில் அடுத்த தலைமுறை இன்றும் நிலையான வருமானத்தைத் தேடிக்கொண்டிருக்கின்றது. வீட்டை விட்டு நெடுந்தூரம் சென்று வேலை செய்ய இயலாத தாய்மாருக்கும், முதியோரைப் பராமரிக்கும் பெண்களுக்கும், உடல் இயலாமையுடையோருக்கும் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய தொழில்கள் மிகச் சிலவே. தாவர விற்பனை அச்சிலவற்றுள் ஒன்று. கடை வாடகை இல்லை; இயந்திரம் வேண்டியதில்லை. நிழல் வலையிட்ட பத்தடிக்குப் பத்தடி இடம், தண்ணீர், ஒரு கைத்தொலைபேசி ஆகியவற்றுடன் ஆரம்பிக்கலாம். மூலதனத்தின் பெரும்பகுதி பொறுமையும் கைப்பழக்கமுமே.

ஆனால் குறைந்த மூலதனம் என்பதைக் குறைந்த உழைப்பு என்று விளங்கிக்கொள்ளலாகாது. கன்றுக்கு ஞாயிறும் இல்லை, பெருநாளும் இல்லை. கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் மூன்று மாத உழைப்பு ஒரு மாலையில் கருகிவிடும்.

எதனை விற்பது?

புதிதாகத் தொடங்குபவர் செய்யும் முதற்பிழை, எல்லாவற்றையும் விற்க முனைவதாகும். பிறரது பக்கத்தில் காணும் ஐம்பது வகைச் செடிகளையும் கடனுக்கு வாங்கி அடுக்குவோர், எந்த ஒன்றின் இயல்பையும் அறியாமலேயே நட்டமடைகின்றனர். தமது மண்ணிலும் தமது வெயிலிலும் நன்கு வரும் ஐந்து அல்லது ஆறு வகைகளைத் தெரிந்து, அவற்றைத் தாமே இனம்பெருக்கக் கற்றுக்கொள்வதே உறுதியான வழி.

இணையவழி விற்பனையில் இன்னொரு கேள்வியும் உண்டு: இந்தச் செடி மூன்று நாட்கள் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தால் தாங்குமா? பாலைவன ரோசா எனப்படும் அடீனியம், சதைப்பற்றுள்ள இலைகளைக் கொண்ட செடிகள், சன்செவீரியா, ஓர்க்கிட் போன்றவை வேரிலோ தண்டிலோ இலையிலோ நீரைச் சேமிப்பவை. மண்ணை உதறிவிட்டு அனுப்பினாலும் இவை பிழைத்துக்கொள்ளும். அடீனியம் வறட்சியை விரும்புவதால் யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், மட்டக்களப்பு போன்ற வரண்ட வலயத்து முற்றங்களுக்கு மிகவும் ஏற்றது. மாறாக, சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் தழைத்த பூச்செடியை மே மாதத்து வவுனியாவுக்கு அனுப்புவது வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம். அங்கு அது பிழைக்காது என்பதைச் சொல்ல வேண்டியவர் விற்பவரே.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் கன்று நடுவது ஒக்டோபரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும் காலத்திலாகும். அப்போது விற்க வேண்டிய கன்று ஜூன், ஜூலையிலேயே பையில் இருக்க வேண்டும். மழை கண்ட பின் தடி வெட்டத் தொடங்குபவர் அவ்வாண்டின் சந்தையைத் தவறவிட்டவராவார்.

கணக்கில் தவறும் இடம்

ஒரு கணக்கை உதாரணத்திற்காக எடுத்துக்கொள்வோம். ஒருவர் நூறு தடிகளைப் பைகளில் நடுகின்றார். பை, கூட்டெரு, தும்புச்சோறு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கு 40 ரூபா. மொத்தம் 4,000 ரூபா. ஒரு கன்றை 250 ரூபாவுக்கு விற்றால் 210 ரூபா இலாபம் என்று அவர் எண்ணுகின்றார். ஆனால் நூறில் வேர்விட்டு, நோயின்றி, விற்கும் தரத்திற்கு வந்தவை அறுபதே எனக் கொள்வோம். அப்போது ஒரு கன்றின் உண்மையான அடக்கவிலை 67 ரூபா. பொதிசெய்யும் பெட்டிக்கும் காகிதத்திற்கும் 60 ரூபா சேர்த்தால் மிஞ்சுவது 123 ரூபா. பத்துப் பொதிகளில் ஒன்று வழியில் பட்டுப்போக, அதற்குப் பதிலாக இன்னொன்றை 400 ரூபா அனுப்புகூலியுடன் தமது செலவில் அனுப்பினால் 527 ரூபா போய்விடுகின்றது. பத்துக் கன்றுகளின் இலாபமான 1,230 ரூபாவில் எஞ்சுவது 703 ரூபா. அதாவது கன்றொன்றுக்கு 70 ரூபா. 210 என்று மனதில் போட்ட கணக்கு கையில் மூன்றிலொன்றாகிவிட்டது. இதில் அவரது உழைப்புக்கு இன்னும் கூலி போடவில்லை.

இதே கன்றுகளை ஐந்து ஐந்தாகச் சேர்த்து ஒரே பொதியாக விற்றால் நிலைமை மாறுகின்றது. ஐந்து கன்றுகளின் விலை 1,250 ரூபா. அடக்கவிலை 335, பொதிச்செலவு 120 எனக் கழித்தால் 795 ரூபா மிஞ்சும். பத்துப் பொதிகளில் ஒன்று முழுவதும் பழுதாகி, 500 ரூபா கூலியுடன் மீண்டும் அனுப்ப நேர்ந்தாலும், இறுதியில் கன்றொன்றுக்கு ஏறத்தாழ 140 ரூபா நிற்கும். வாங்குபவருக்கும் 250 ரூபாக் கன்றுக்கு 400 ரூபா கூலி கொடுக்கும் மனக்கசப்பு இல்லை. ஒரே செடி, ஒரே உழைப்பு. பொதியும் விலையும் தீர்மானிக்கப்பட்ட முறையால் மட்டுமே இலாபம் இரு மடங்காகின்றது. ஒரு அப்பியாசக் கொப்பியில் நட்டது, முளைத்தது, விற்றது, பட்டது என நான்கு நிரல்கள் இட்டு எழுதி வருபவருக்கு இந்த உண்மை இரண்டு மாதங்களில் தெரிந்துவிடும்.

பணம் பெறும் முறையிலும் எச்சரிக்கை தேவை. பொருள் கிடைத்தபின் பணம் என்னும் முறை வாங்குபவருக்கு வசதியானது. ஆனால் அவர் பொதியை ஏற்க மறுத்தால் சட்டை திரும்பி வரும். செடி திரும்பி வரும்போது சருகாகவே வரும். ஆகவே அனுப்புகூலியையேனும் முற்பணமாகப் பெறுவது நியாயமானதே. பணம் வைப்பிலிட்டதாக அனுப்பப்படும் பற்றுச்சீட்டின் படத்தை மட்டும் நம்பாமல், கணக்கில் பணம் வந்துள்ளதை உறுதிசெய்த பின்னரே பொதியை அனுப்ப வேண்டும். பெண்கள் தமது சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் பொதுவெளியில் இடுவதைத் தவிர்த்து, வியாபாரத்திற்கென வேறொரு இலக்கத்தையும், உறவினரின் கடை போன்ற ஓரிடத்தைக் கன்று பெறும் இடமாகவும் வைத்துக்கொள்வது பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

கன்றின் பயணம்

கன்றைத் தூரதேசத்திற்கு உயிருடன் அனுப்புவது இணையத்துடன் பிறந்த சிக்கலன்று. எமது நாட்டின் பொருளாதாரமே ஒரு காலத்தில் அதில் தங்கியிருந்தது. பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, 1876இல் சுமார் 1,900 நாற்றுக்கள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேற்றப்பட்டு இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில் அவை வேரூன்றியதிலிருந்தே ஆசியாவின் இறப்பர்ச் செய்கை வளர்ந்தது. வோர்ட் என்ற ஆங்கில வைத்தியர் உருவாக்கிய அப்பெட்டியின் தத்துவம் எளிமையானது: செடி வெளியிடும் ஈரம் வெளியே போகாமல் மீண்டும் செடிக்கே கிடைக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், ஆட்டம் கூடாது.

எமது அட்டைப்பெட்டியில் வெளிச்சம் இல்லை. அதனாற்றான் பயணம் குறுகியதாக இருத்தல் அவசியம். நிழலில் வளர்ந்த கன்றை அப்படியே அனுப்பாமல், இரண்டு வாரங்களுக்குச் சிறிது சிறிதாக வெயிலுக்கும் குறைந்த நீருக்கும் பழக்க வேண்டும். பாடசாலை விவசாய நூல்கள் வன்மைப்படுத்தல் என்று கற்பிப்பது இதனையே. அனுப்புவதற்கு முதல்நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அனுப்பும் நாளில் ஊற்றினால் பெட்டிக்குள் வேர் அழுகும். வேர்ப்பகுதியை ஈரமான தும்புச்சோற்றால் சுற்றி, அதன்மேல் பொலித்தீனை இறுகக் கட்டி, இலைப்பகுதியைப் பழைய பத்திரிகைத் தாளால் போர்த்தி, பெட்டிக்குள் அசையாதவாறு இடைவெளிகளை நிரப்ப வேண்டும். பெட்டியின் மேற்பகுதியில் காற்றுத் துளைகளும், எப்பக்கம் மேலிருக்க வேண்டும் என்ற அம்புக்குறியும் வேண்டும். தும்புச்சோற்றை முதலில் நன்றாகக் கழுவி உப்பை நீக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

நாளும் முக்கியமானது. திங்கள் அல்லது செவ்வாயில் ஒப்படைத்த பொதி வார இறுதிக்குமுன் சேரும். வியாழனில் ஒப்படைத்தது சனி, ஞாயிறில் களஞ்சிய அறையில் வெந்துகொண்டிருக்கும். இடையில் போயா விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள். உயிருள்ள செடிகளை ஏற்றுக்கொள்வார்களா, பழுதுக்கு யார் பொறுப்பு என்பதை அஞ்சல் அலுவலகத்திலோ கூரியர் நிறுவனத்திலோ முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வதும் அவசியம்.

பெயரும் படமும்

ஒரு சட்டையின் தரம் பொதியைப் பிரித்தவுடன் தெரியும். பூச்செடியின் தரம் பூக்கும்போது தெரியும். பழக்கன்றின் தரம் தெரிவதற்கோ ஆண்டுகள் வேண்டும். கறுத்தக்கொழும்பான் என்று விற்கப்பட்ட ஒட்டு மாங்கன்று உண்மையில் எது என்பது நான்காம் ஐந்தாம் ஆண்டில் முதற்காய் பழுக்கும்போதே விளங்கும். விதையில் முளைத்த கன்றாயின் இன்னும் நீண்ட காலம் காத்திருந்து, தாய்மரத்தின் குணம் இல்லாத காயைக் காண நேரிடும். இக்கட்டுரையாளர் ஒட்டுத் தோடை என்று வாங்கி நட்ட ஒரு கன்று முள்ளோடு ஓங்கி வளர்ந்து ஐந்து வருடங்கள் நின்றது. ஒட்டுப் பகுதி எப்போதோ பட்டுப்போய், அடிக்கட்டையின் துளிரே மரமாகியிருந்தது என்பது பின்னரே தெரிந்தது. விற்றவரின் தொலைபேசி இலக்கம் அப்போது பாவனையில் இல்லை. போனது கன்றின் விலை மட்டுமல்ல. ஐந்து வருட நிழலும் நீரும் நம்பிக்கையுமாகும்.

ஆகவே இத்தொழிலில் விற்கப்படுவது செடியைவிட அதிகமாக விற்பவரின் வாக்கே. முஸ்லிம் மக்கள் அமானிதம் என்று சொல்வதும், தமிழ் வணிகர் நாணயம் என்று சொல்வதும் இதனையே. தாய்ச்செடி பூத்துக் குலுங்கும் படத்தைக் காட்டி நான்கு இலைக் கன்றை அனுப்புவது அந்த வாக்கை முதல் நாளிலேயே முறிப்பதாகும். அனுப்பப்போகும் அதே கன்றைப் பகல் வெளிச்சத்தில், ஓர் அளவுகோலுக்கு அருகில் வைத்துப் படமெடுத்துப் போட வேண்டும். ஒட்டா, பதியமா, விதைக்கன்றா என்பதைச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் தாவரவியற் பெயரையும் குறிப்பிட வேண்டும். இத்தனை நாட்களுக்குள் பட்டுப்போனால் மாற்றுக் கன்று தரப்படும் என்ற நிபந்தனையை முன்பே எழுதி வைக்க வேண்டும். தெரியாத வகையைத் தெரியாது என்று சொல்பவரிடம் வாடிக்கையாளர் மீண்டும் வருவார்.

சட்டத்தின் எல்லை

வீட்டு முற்றத்தில் நடப்பது என்பதால் இது சட்டத்திற்கு அப்பாற்பட்டதன்று. தனியாள் வியாபாரமாயின் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்துகொள்ளலாம். வங்கிக் கணக்கிற்கும் கடனுக்கும் அது உதவும். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் விதைகளையும் நடுகைப் பொருட்களையும் கையாள்வோரின் பதிவைக் கோருகின்றது. விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப்படுத்தல் சேவை இதற்குப் பொறுப்பானது. பழக்கன்றுகளையும் விதைகளையும் வியாபாரமாக விற்க எண்ணுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் முக்கியமானது. பலாலி விமான நிலையம் 2019இலும், நாகபட்டினம் - காங்கேசன்துறை கப்பற்சேவை 2023இலும் தொடங்கிய பின்னர், தமிழ்நாட்டிலிருந்து நல்ல மல்லிகைக் கன்று ஒன்றைப் பயணப்பையில் கொண்டுவந்தாலென்ன என்ற ஆசை பலருக்கு எழுகின்றது. இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இன்றிக் கன்றோ தடியோ கொண்டுவருவது குற்றமாகும். பப்பாசியை அழித்த மாவுப்பூச்சி 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்டபோது, எல்லை கடந்து வரும் ஒரு பூச்சி எத்தனை முற்றங்களை வெறுமையாக்கும் என்பதை நாம் பார்த்தோம்.

உள்நாட்டிலும் எல்லைகள் உண்டு. 2006இல் வெலிகமப் பகுதியில் கண்டறியப்பட்ட தென்னை இலைவாடல் நோயின் காரணமாக, தென்மாகாணத்திலிருந்து தென்னையையும் அதன் குலத்தைச் சேர்ந்த ஏனைய கன்றுகளையும் வெளியே கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. கமுகும் வீட்டு அலங்காரப் பாம் வகைகளும் அக்குலத்தினவே என்பதை அங்கிருந்து வாங்கி விற்போர் மறந்துவிடலாகாது. வவுனியாவில் அடையாளம் காணப்பட்டு வடக்கெங்கும் பரவிய பார்த்தீனியம் களையின் விதை, ஒரு பிடி மண்ணுடன் மாவட்டம் தாண்டக்கூடியது. காட்டிலிருந்து ஓர்க்கிட்டைப் பறித்து விற்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அரிதான இனங்களை வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாக்கின்றது.

விற்கும் செடி எங்கு போய் முடியும் என்ற கேள்வியும் இருக்கின்றது. இன்று எமது குளங்களை மூடி மீன்பிடியையும் நீர்ப்பாசனத்தையும் நெரிக்கும் ஆகாயத்தாமரை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகிய பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட செடியே. 1909இலேயே அதனைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. நூற்றாண்டு கடந்தும் அது அகலவில்லை. நீர்த்தொட்டிக்கென ஒரு கொத்தை இருநூறு ரூபாவுக்கு விற்பவர், ஒரு கிராமத்தின் குளத்தை விற்றவராக ஆகிவிடக்கூடாது.

செய்ய வேண்டியவை

தனிமனித முயற்சி மட்டும் போதாது. அஞ்சல் திணைக்களத்திற்கு எமது நாட்டின் கடைக்கோடிக் கிராமம் வரை கிளைகள் உண்டு. உயிருள்ள நடுகைப் பொருட்களுக்கென நியாயமான கட்டணத்தில், வாரத்தின் முதல் நாட்களில் விரைந்து சேரும் ஒரு பொதிச்சேவையை அது ஏற்படுத்துமாயின், முல்லைத்தீவின் ஒரு பெண்ணும் கொழும்பின் வாடிக்கையாளரும் ஒரு நாளில் இணைந்துவிடுவர். கமநல சேவை நிலையங்கள் ஒட்டுதல், பதிவைத்தல் பயிற்சியுடன் பொதிசெய்தலையும் விலைக்கணக்கையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். நாற்றுமேடைப் பதிவும் பரிசோதனையும் சிறு உற்பத்தியாளருக்கு எட்டக்கூடியதாகவும், தமிழில் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மாதர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் பத்துப் பெண்களை ஒன்றிணைத்து, ஒருவர் ஒட்ட, ஒருவர் வளர்க்க, ஒருவர் பொதிசெய்ய, ஒருவர் கணக்கு எழுத ஒழுங்குசெய்தால் தனித்தனியே தோற்பவர்கள் சேர்ந்து நிலைப்பர்.

வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. பெட்டி வந்த அன்றே திறந்து, நிழலில் வைத்து, ஒரு வாரம் பொறுத்து நடாமல், நேரே வெயிலில் வைத்துவிட்டு விற்பவரைத் தூற்றுவது நியாயமன்று.

வேலிக்கு மேலால் கன்று கொடுத்த காலத்தில், கொடுத்தவர் மறுவாரம் எட்டிப்பார்த்து, “தளிர்த்துவிட்டதா?” என்று கேட்டார். இணையத்தில் விற்பவரும் ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. வேலி மறைந்த இடத்தில் அயலார் என்ற உறவு மறையாதிருந்தால், இந்தச் சிறுதொழில் எமது பல வீடுகளின் அடுப்பை நிச்சயம் எரியவைக்கும்.